பெரியவன் கிளேசியர் போறான்னு சொன்னியே மச்சான்

மச்சான்,

நல்லா இருக்கியா, முட்டி வலி எப்படி இருக்கு, தங்கச்சி சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா. இங்க ஒரு வாரமா மழை, கிணறு பாதி ஏறிடுச்சு, நடவு முடிஞ்சது. சின்னவளுக்கு தை மாசம் கல்யாணம் வைக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், பத்திரிகை அடிச்சதும் நேர்லயே வந்து வைக்கிறேன்.

உன் பெரியவனுக்கு லடாக்ல லே போஸ்டிங் வந்திருக்கு, அங்கிருந்து சியாச்சின் கிளேசியர் போவான்னு நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல. சண்டைய நெனச்சு இல்லடா. 1984ல சியாச்சின பிடிக்க மேகதூத் ஆபரேஷன் ஆரம்பிச்சதுல இருந்து அங்க குண்டடி பட்டு போனவங்கள விட குளுருலயும் மூச்சு முட்டியும் பனிச்சரிவுலயும் போனவங்கதான் ஜாஸ்தின்னு உனக்கு தெரியாததா, 2003 சண்டை நிறுத்தத்துக்கு அப்புறம் துப்பாக்கி சத்தம் அடங்கிடுச்சு ஆனா பெட்டி வர்றது நிக்கலயே.

அவன்கிட்ட மொதல்ல சொல்ல வேண்டியது, போன உடனே துள்ளாதடான்னு. சண்டிகர்ல பிளேன் ஏறினா ஒரு மணி நேரத்துல லேல இறக்கிடுவாங்க, 11,500 அடி, உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னே புரியாது. உடம்ப உயரத்துக்கு பழக்குறதுல மொத ஸ்டேஜ் ஆறு நாள், அதுல மொத ரெண்டு நாள் சும்மா படுத்துக்கன்னு சொல்லுவாங்க, நல்லா ஓடுற பசங்களுக்குத்தான் அது அவமானமா இருக்கும், நமக்கும் அப்படித்தானே இருந்துச்சு. அப்புறம் 12,000 அடிக்கு மேல நாலு நாள், 15,000க்கு மேல இன்னொரு நாலு நாள். வறட்டு இருமல் வந்தா, படுத்தா மூச்சு வாங்கினா உடனே சொல்லணும், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா கீழ இறக்குறதுதான் வைத்தியம், ஹாப்போ பேக்னு காத்தழுத்தம் ஏத்துற பைல போட்டு வைக்கிறதெல்லாம் ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் தாக்கு பிடிக்கத்தான். பசங்க ஏன் மறைக்கிறாங்கன்னா, கீழ அனுப்பிட்டா கூட இருக்கிறவன் கோழைன்னு நெனப்பான்னு மறைக்கிறாங்க. இன்னொன்னு, ரொம்ப நாள் லீவுல வந்துட்டு திரும்பினா அந்த ஓய்வ மறுபடி எடுக்கணும், ஒரு தடவ பழகின உடம்புதானேன்னு ஏறிடக் கூடாது.

அப்புறம் ரோடு. 2022 டிசம்பர்ல வடக்கு சிக்கிம் ஜெமால வளைவுல ஆர்மி வண்டி சறுக்கி 16 பேர் போனாங்க, அதே வருஷம் மே மாசம் லடாக்ல துர்துக் பக்கம் ஷியோக் ஆத்துல வண்டி விழுந்து 7 பேர். டிரைவர் தூங்கினானா, ராத்திரி எத்தன மணிக்கு வந்து படுத்தான், பனியில சறுக்காம டயருக்கு செயின் போட்டானான்னு பின்னாடி உக்கார்ற பசங்க கேக்கவே மாட்டாங்க, கேக்க சொல்லு, கேட்டா டிரைவருக்கு கோவம் வரும், வரட்டும். ஆறும் அதே மாதிரிதான், காலைல கணுக்கால் அளவு ஓடுற தண்ணி மத்தியானம் பனி உருகி வந்தா இடுப்புக்கு ஏறிடும், 2024 ஜூன்ல தௌலத் பேக் ஓல்டி பக்கம் ராத்திரி டி-72 டேங்க் ஷியோக்க கடக்கும்போது திடீர்னு தண்ணி ஏறி 5 பேர் போய்ட்டாங்க. அவ்வளவு பெரிய இரும்பு டேங்க் மச்சான்.

2016 பிப்ரவரி 3 மறக்க முடியுமா. சோனம் போஸ்ட், 19,600 அடி, 19 மெட்ராஸ் பட்டாலியன் பசங்க பத்து பேர் மேல ஐஸ் சுவரே இடிஞ்சு விழுந்துச்சு, அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாட்டு பசங்க. ஆறு நாள் கழிச்சு ஹனுமந்தப்பாவ உயிரோட எடுத்தாங்கன்னு டிவில வந்தப்போ நானும் என் வீட்டுக்காரியும் கோயிலுக்கு ஓடினோம், 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரில அவரும் போய்ட்டாரு. அன்னைக்கு நான் சாப்பிடல. அந்த பசங்க மேல ஒரு தப்பும் கிடையாது, அத மலை எடுத்துக்கிச்சு.

நான் பண்ணது அப்படி இல்ல, இத்தன வருஷமா உன்கிட்ட சொல்லாம வச்சிருக்கேன். நாம அங்க போஸ்ட்ல இருந்தப்போ, அன்னைக்கு ராத்திரி சென்ட்ரி மாத்த நீ வந்து கூப்பிட்டு கூப்பிட்டு பாத்துட்டு எங்க நாலு பேரயும் ஹட்ல இருந்து காலப் புடிச்சு இழுத்து வெளிய போட்டியே, நான் பனியிலயே வாந்தி எடுத்தேனே, அந்த காத்து ஓட்டைய சாக்க வச்சு அடைச்சது நான்தான்டா. புகாரி, அந்த மண்ணெண்ணெய் அடுப்பு, எரிஞ்சிட்டு இருந்துச்சு, காத்து ஊசி மாதிரி குத்துச்சு, பத்து நிமிஷம் அடைச்சு வச்சுட்டு தூங்குறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு நெனச்சேன், ஆனா அடுப்புல இருந்து வர்ற அந்த கார்பன் மோனாக்சைடு கேஸுக்கு வாசனையும் கிடையாது கண்ணுக்கும் தெரியாது, லேசா தலை வலிச்சுது, ஹைட்ல எப்பவும் வலிக்கிறதுதானேன்னு கண்ண மூடினேன், அவ்வளவுதான். காலைல சாக்க எடுத்து மண்ணெண்ணெய் ஜெரிகேன் பின்னாடி ஒளிச்சுட்டு மேலதிகாரி சாப்கிட்ட டின் சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன், நீயும் அதத்தான் நம்பின. ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதல. அதுக்கப்புறம் வந்த யூனிட் பசங்க அதே ஹட்லதான படுத்தாங்க, அவங்களுக்கும் அதே காத்து குத்தியிருக்கும், அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா? என் புரமோஷன் கெட்டுடும்னு பயந்தேன் மச்சான், வேற காரணம் இல்ல. நாலு பேர் பொழச்சது நீ நேரத்துக்கு வந்ததால, ஒரு அரை மணி நேரம் லேட்டா வந்திருந்தா எங்க வீட்டுல எல்லாம் படம்தான் மாட்டியிருப்பாங்க.

உனக்கு கோவம் வந்தா போன் பண்ணி திட்டு, நான் கேட்டுக்கிறேன். ஆனா பெரியவன் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் இங்க அனுப்பி வை, பஸ்ஸுக்கு நான் ஸ்டாண்டுக்கு வர்றேன். இந்த சாக்கு விஷயத்த நானே அவன்கிட்ட சொல்லணும், நீ சொல்ல வேணாம்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் மச்சான்