லோகியும் என் சத்தியமும்

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றரை வருடம் வாய்மூடி இருந்ததற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சண்டையைத் தொடங்கியவன் நீ என்பதும் நினைவிருக்கட்டும்.

விஷயம் இதுதான். மார்வெல் காமிக்ஸின் தந்திரக் கடவுள், இடிக்கடவுள் தாரின் தம்பி, அவனை வைத்து எடுத்த 'லோகி' தொடரைப் பார்த்துவிட்டேன். 2021இல் ஆறு, 2023இல் ஆறு, மொத்தம் பன்னிரண்டு அத்தியாயங்களும். காமிக்ஸைக் கெடுத்துவைத்திருப்பார்கள், தொடவே மாட்டேன் என்று இட்லிக்கடை வாசலில் சத்தியம் செய்தவன் சாட்சாத் நானேதான். சின்னவள் காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள் (பயப்படாதே, மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள்). ரிமோட் அவள் கையில். நான் என்ன செய்ய?

முப்பது வருடம் ஆவணப் பிரிவில் தூசி தின்றவன் நான். முதல் அத்தியாயத்தில், காலம் தடம் மாறாமல் காவல் காக்கும் ஓர் அலுவலகத்தார் லோகியைப் பிடித்து வந்து, அவன் இதுவரை பேசிய ஒவ்வொரு சொல்லும் அச்சான காகிதக் கட்டை முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இதென்ன அபத்தம் என்கிறான். அந்தச் சொல்லும் உடனே அச்சாகி வந்து கட்டின் மேல் உட்கார்கிறது! பிரபஞ்சத்தையே ஆட்டிவைத்த முடிவிலிக் கற்கள் அங்கே ஒரு மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொள்கிறார்களாம். நான் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

இந்தக் காலக்காவல் அலுவலகம் 1986இலேயே காமிக்ஸ் எழுத்தாளர் வால்ட் சைமன்சன் 'தார்' இதழில் அடித்த கேலி. மோபியஸ் என்ற அதிகாரியே, கதைகளின் முன்பின் பிசகாமல் காத்த மார்வெல் ஆசிரியர் மார்க் க்ரூயென்வால்டின் முகச்சாயலில் வரையப்பட்டவர்தான். உள்ளறை நகைச்சுவை. அதைத் தொலைக்காட்சிக்காரர்கள் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

ஏனென்றால் சிரித்து முடிப்பதற்குள் லோகிக்கு அவன் வாழ்க்கையையே படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். இன்னும் நடக்காத தாயின் சாவு. தன் சாவு. கோப்பு முடிந்தது. சேகர், 'நீயும் உன் அப்பா மாதிரிதான் ஆவாய்' என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அப்பா விஷயம் உனக்குத் தெரியும். அந்தக் காட்சியில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான், இதைப் பற்றி மேலே கேட்காதே.

இப்போது நம் பழைய வழக்குக்கு வருகிறேன். 1962இல் வந்த நாளிலிருந்து காமிக்ஸ் லோகிக்குத் தோற்பதுதான் உத்தியோகம். மாதாமாதம் தார் ஜெயிக்க வேண்டுமே. அவனுடைய விதி எந்த ஜாதகத்திலும் இல்லை, அடுத்த இதழில் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். சிறுவனாகத் திரும்பி வந்தவனின் கதையை எழுத்தாளர் கீரன் கில்லன் எழுதினார். அந்தப் பையன் எல்லோரையும் ஏய்த்துவிட்டுக் கடைசியில் தன் பழைய உருவம் வைத்த பொறியில் தானே அழிந்துபோனான். அந்த 2012 இதழை நீ என்னிடம் வீசிவிட்டுப் போனது மறக்கவில்லை. பிறகு அவன் கதையை எழுத வந்தவர் ஆல் எவிங். பொய் சொல்கிறவன் உண்மையில் கதை சொல்கிறவன் என்று ஒரு சொல்லைப் புரட்டிப் போட்டு, விதியின் கைக்குள்ளிருந்தே அவனை நழுவ வைத்தார். வித்தைக்காரனுக்கு ஏற்ற விடுதலை. இதைத் தொலைக்காட்சி தாங்காது என்பதே என் வாதம்.

பாதி தோற்றேன். ரிச்சர்ட் ஈ. கிராண்ட் கிழட்டு லோகியாக வருகிறாரே, காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த பாணியில் பச்சையும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு! வயதான மனிதர் அந்த உடையில் முதலில் கோமாளியாகத் தெரிகிறார். மற்றவர்கள் தப்பிப்பதற்காக தேவர்களின் ஆஸ்கார்டு நகரம் முழுவதையும் மாயத்தில் எழுப்பி, எல்லாவற்றையும் விழுங்கும் ஒரு புகை அரக்கனின் வாயில் சிரித்துக்கொண்டே போகிறார். பொய்தான். மிகப் பெரிய பொய். அதே பொய்தான் தியாகமும். நான் கேட்டதெல்லாம் இவ்வளவே.

முடிவில்தான் எனக்குக் குறை. நூற்றாண்டுக் கணக்கில் இயற்பியல் படிக்கிறான், திரும்பத் திரும்ப அதே கணத்துக்குப் போய்த் தோற்கிறான், கடைசியில் அறுந்து சாகும் காலக்கிளைகளைக் கையில் வாரிக்கொண்டு, இனி எழவே முடியாத அரியணையில் ஏறுகிறான். மரம் உருவாகிறது, நடாலி ஹோல்ட்டின் இசை எழும்புகிறது, எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கே தந்திரம்? உழைத்து உழைத்து ஜெயிப்பதற்குத் தார் போதாதா? இன்னொன்றையும் பார். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதிவைத்த பழைய புராணக் கதையில் லோகியைப் பாறையில் கட்டிப்போட்டு முகத்தில் நஞ்சு சொட்டவிடுகிறார்கள். அவன் மனைவி சிகின் கிண்ணம் பிடித்து அதைத் தாங்குகிறாள். எண்ணூறு வருடம் சுற்றி வந்து, பன்னிரண்டு அத்தியாயம் விதியோடு மல்லுக்கட்டி, மறுபடி கட்டுண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். கிண்ணம் பிடிக்கக்கூட ஆளில்லை. கட்டிக்கொண்டது தானே என்பதுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நீ உடனே ஊழ் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வராதே.

இதையெல்லாம் சின்னவளிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அவர் இனிமேல் லீவே போட முடியாதா அப்பா?" என்றாள்.

எவிங்கின் 17 இதழ்களும் உன்னிடம்தான் இருக்கின்றன. அவள் படிக்க வேண்டுமாம். தபாலில் போடாதே, மூலை மடங்கும். நேரில் கொண்டு வா.

அன்புடன்,
ஒட்டடைக்குச்சி