முள் ஆடுகிறதா? சென்சார் வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “ஆயில் டெம்பரேச்சர் தாறுமாறாகக் காட்டுகிறது, ஒரு சென்சார் அனுப்பி வையுங்கள்” என்று ஆர்டர் அனுப்புகிறவர்களுக்காக இந்த மடல். சென்சார் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆனாலும் கெடாத சென்சாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினால் முள் ஆடுவது நிற்காது, உங்கள் காசுதான் போகும். ரோட்டாக்ஸ் 912, 912 யுஎல்எஸ் இன்ஜின் பூட்டிய மைக்ரோலைட்களை (எடை குறைந்த சிறு விமானங்களை) மனத்தில் வைத்து எழுதுகிறோம். ரோட்டாக்ஸ் 582 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 912-இல் 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஆயில் பிரஷர் 2 முதல் 5 பார் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழான வேகத்திலும் 0.8 பாருக்குக் குறையக் கூடாது. பறக்கும்போது குறைந்தால், மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிடுங்கள். தரையில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் காட்டியை மாட்டிப் பார்த்து, பிரஷர் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வயரிங்கில் கை வைக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். டேங்கிலும் இன்ஜினிலுமாகச் சுமார் மூன்று லிட்டர் ஆயில் ஓடுகிறது. அது ஒரே விநாடியில் 15 டிகிரி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. லேண்டிங் லைட் சுவிட்சைப் போட்டதும், ரேடியோவில் பேசப் பட்டனை அழுத்தியதும் முள் துள்ளினால் அது சூடு அல்ல, மின்சாரம்.

காரணம் எளிது. பழைய வகை சென்சார்களுக்கு ஒரே வயர்தான். திரும்பும் பாதை சென்சாரின் உடம்பு, மரை, இன்ஜின் பிளாக், அங்கிருந்து எர்த் பட்டை வழியாக பேட்டரி நெகட்டிவ். இன்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பட்டை சரியில்லை என்றால் பிளாக்குக்கு ஒழுங்கான எர்த்தே கிடையாது. இதில் இரண்டு விதக் கோளாறு உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் காட்டும்.

பேனலில் மீட்டரின் எர்த் பலவீனமானால், லோடு கூடும்போது டெம்பரேச்சர் எல்லாம் சேர்ந்து ஏறும், ரெசிஸ்டன்ஸ் வகை (சென்சாரின் மின்தடை மாறுவதை வைத்துக் காட்டும்) பிரஷர் மீட்டர் இறங்கும். ஏமாறும் இடம் இதுதான்: ஆயில் சூடானால் பிரஷர் குறைவது இயல்பு என்பதால் மீட்டர் சொல்வது நம்பும்படி இருக்கும். இன்ஜின் பிளாக்கின் எர்த் போனால் நேர்மாறு: டெம்பரேச்சர் குறைத்துக் காட்டும், பிரஷர் கூட்டிக் காட்டும். கூடவே ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். ஸ்டார்ட்டரின் கரண்ட், சோக் கேபிள், த்ராட்டில் கேபிள் வழியாக ஓடத் தொடங்கினால் கேபிள் உறை உருகும். அப்படி ஒரு தடம் கண்டால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது வீண்; ஒரே ஒரு இழை மிஞ்சிய பட்டையும் அதில் நன்றாகத்தான் காட்டும். லோடு கொடுத்து வோல்ட் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது லைட், ஸ்ட்ரோப், ரேடியோ எல்லாவற்றையும் போட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே) மறு முனையை மீட்டரின் எர்த் திருகிலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் நாங்கள் விடுவதில்லை. அடுத்து மறு முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து, இரண்டு இக்னிஷன் சுவிட்சையும் அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, புரொப்பல்லர் பக்கம் யாரும் இல்லாமல் பார்த்து, ஸ்டார்ட்டரை மூன்று விநாடி சுற்றுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்றுங்கள். 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கேபிள், பெயின்ட் சுரண்டிய உலோகத்தின் மேல் லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்). சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றுவதும் எர்த்தை வெட்டும் வேலைதான்.

ஒரே ஒரு முள் மட்டும் ஆடினால் கதை வேறு. சிலிண்டர் ஹெட் சென்சார் 2, 3-ஆம் சிலிண்டர்களில் இருக்கிறது, இரண்டும் ஒரே ரகம். வயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஆட்டம் அடுத்த மீட்டருக்குப் போனால் சென்சாரோ அதன் முனையோ குற்றவாளி. போகாவிட்டால் வயரும் மீட்டரும். டெம்பரேச்சர் வயரைக் கழற்றித் தொங்கவிட்டால் முள் அடிக்குப் போக வேண்டும், பிளாக்கில் தொட்டால் உச்சிக்கு. ரெசிஸ்டன்ஸ் வகை பிரஷருக்கு இது தலைகீழ்.

வயரைப் பார்க்கும்போது லக்கின் கழுத்தைப் பாருங்கள். கிரிம்ப் (வயரை லக்கில் நசுக்கிப் பிடித்த இடம்) முடிந்து இன்சுலேஷன் தொடங்கும் அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் அதிர்வு வேலை செய்கிறது. வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். விரலால் மெல்ல இழுத்தால் உறை ரப்பர்போல நீளும். சாலிடர் வைத்து விறைப்பாக்கினால் இன்னும் சீக்கிரம் அறும். புது லக் போட்டு, கையளவு தளர்ச்சி விட்டு, பிளாக்கிலேயே ஒரு கிளிப் கொடுங்கள்.

புதிய 912-களின் ஆயில் பிரஷர் சென்சார் வேறு ஜாதி. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்ட்டில் பேசுவது. பிரஷர் இல்லாதபோது 4, பத்து பாருக்கு 20. அப்படியானால் 3 பாருக்கு 8.8 வர வேண்டும். மல்டிமீட்டரைத் தொடராகச் சேர்த்து, இன்ஜின் நின்றிருக்க மெயின் சுவிட்சைப் போடுங்கள்: 4 வந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, 0 வந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை இல்லை. இதன் வயரைப் பிளாக்கில் தொட்டுப் பார்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம். பழைய ரெசிஸ்டன்ஸ் மீட்டருடனும் இது சேராது.

எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர், குறிப்பாக 582 வைத்திருப்பவர்களுக்கு. கே வகை தெர்மோகப்பிள் (சூட்டுக்கேற்ப மின்னழுத்தம் தரும் இரு உலோக வயர் சென்சார்) ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. ஒரு மில்லிவோல்ட் கலந்தாலே 24 டிகிரி பிசகும். வயர் எட்டவில்லை என்று செம்பு வயரைச் சேர்க்காதீர்கள். இன்ஜின் ஓரத்து இணைப்பு 80 டிகிரியிலும் மீட்டர் 30 டிகிரியிலும் இருந்தால், 50 டிகிரி குறைத்துக் காட்டும். 650-ஐத் தாண்டக் கூடாத இன்ஜினில் அந்த ஐம்பது பிஸ்டனின் உயிர். அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பைப் பார்த்ததும் பாசிட்டிவில் மாட்டுவது நம் எல்லோர் கைக்கும் பழக்கம், சூடாக ஆக மீட்டர் கீழே இறங்கினால் இதுதான்.

ஆர்பிஎம் முள் ஆடினால் பிக்கப் வயரை (இன்ஜின் வேகத்தை உணரும் சென்சாரின் வயரை) ஸ்பார்க் பிளக் கேபிளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். ஷீல்டை (வயரைச் சுற்றிய உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஆப்டிகல் டாக்கோமீட்டர் (ஒளியால் சுழற்சி வேகம் அளக்கும் கருவி) இருந்தால், இடையில் கியர் இருப்பதால், யுஎல்எஸ்ஸில் புரொப்பல்லர் வேகத்தை 2.43-ஆல் பெருக்குங்கள், 1,646 என்றால் இன்ஜின் 4,000.

கடைசியாக, டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி, அதன் உடம்பிலிருந்து பிளாக்குக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, மரை வரை கொதிநீரில் விட்டுப் பாருங்கள். கடலோர ஊர் என்றால் 100 காட்ட வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்து, பெங்களூரின் ஜக்கூரில் தண்ணீர் 97-இலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று டிகிரி குறைந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சென்சார் வேண்டும் என்றால் தயங்காமல் எழுதுங்கள். இன்ஜின் சீரியல் எண், மீட்டரின் மாடல், சென்சாரில் வயர் எத்தனை, மேலே சொன்ன இரண்டு எர்த் அளவுகள், இவற்றைக் குறித்து அனுப்பினால் சரியான ரகத்தை அன்றே பார்சல் கட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
உதிரிபாகப் பிரிவினர்