நட்டிங் அவர்களே, ஸ்கீன்ஸ் வீசினால் மட்டும் போதுமா?

பிட்ஸ்பர்க்,
2025 மே 19

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. ராபர்ட் நட்டிங் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் தமிழில் இருப்பதால் உங்களுக்குப் புரியப்போவதில்லை. அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. ஏப்ரல் 4 அன்று, சொந்த ஊரில் இந்த சீசனின் முதல் ஆட்டத்தில், யாங்கீஸிடம் 9க்கு 4 என்று தோற்ற அன்று, கூட்டம் ‘டீமை வித்துட்டுப் போ’ என்று நல்ல ஆங்கிலத்தில்தான் கத்தியது. அதற்கே பதிலைக் காணோம்.

நேற்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நம் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் வீசினார். மூன்றே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், கொடுத்தது ஒரே ஒரு ரன். மேஜர் லீகில் அவர் ஓர் ஆட்டத்தைத் தானே தொடங்கித் தானே முடித்தது இதுதான் முதல் தடவை. ஸ்கோர் 1க்கு 0. தோற்றது நாம். எதிரில் வீசிய மிக் ஏபலுக்கு மேஜர் லீகில் அதுதான் முதல் ஆட்டம். அந்தப் பையன் ஆறு இன்னிங்ஸில் நம் ஆட்கள் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து அனுப்பினார்.

பேஸ்பால் பழக்கமில்லாமல் இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பிட்சர் என்பவர் பந்துவீச்சாளர். மட்டையாளரைப் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலேயே அவர் அவுட்டாக்கினால் அது ஸ்ட்ரைக் அவுட். எதிரணியை ரன் எடுக்கவிடாமல் தடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. இப்போதெல்லாம் அவர் மட்டை பிடிப்பதுகூட இல்லை. ஆக, எவ்வளவு நன்றாக வீசினாலும் ஆட்டத்தை அவரால் ஜெயித்துத் தர முடியாது, தோற்காமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். ஜெயிப்பதற்கு யாராவது ஒருவர் ஒரு ரன்னாவது எடுத்தாக வேண்டும். நேற்று அந்த ஒரு ரன் வரவில்லை.

இதுவரை 47 ஆட்டங்களில் 15 வெற்றி. ஏப்ரல் கடைசியிலிருந்து நம் அணி ஓர் ஆட்டத்தில்கூட ஐந்து ரன் எடுக்கவில்லை. மே 8 அன்று, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் டெரெக் ஷெல்டனை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அப்போது கணக்கு 12 வெற்றி, 26 தோல்வி. ஷெல்டன் பெரிய மேதை என்று வாதாட நான் வரவில்லை. ஆறாவது வருடமாக இருந்தார், ஒரு சீசனில்கூட வெற்றி பாதியைத் தாண்டவில்லை. ஆனால் அவர் கையில் கொடுத்த ஆட்களின் பட்டியலை எழுதியது யார்? சமையல்காரரை மாற்றிவிட்டீர்கள், மளிகைச் சீட்டு அப்படியே இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் டான் கெல்லி இந்தப் பக்கத்துப் பிள்ளை, மவுண்ட் லெபனான் பள்ளியில் படித்தவர். அவர் மேல் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது.

அந்தச் சீட்டைப் பார்ப்போம். போன குளிர்காலத்தில், கையில் ஸ்கீன்ஸ் இருக்கும்போது, நீங்கள் சந்தைக்குப் போய் வாங்கி வந்தது 37 வயது டாமி ஃபாம், ஏற்கெனவே இங்கே இருந்துவிட்டுப் போன ஆடம் ஃப்ரேஸியர், ஆண்ட்ரூ ஹீனி என்ற இடதுகை பிட்சர். எல்லாம் ஒரு வருட ஒப்பந்தம். ஆண்ட்ரூ மெக்கட்சனையும் இன்னொரு வருடம் வைத்துக்கொண்டீர்கள், அதில் எனக்குச் சந்தோஷமே. 2013-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர், இந்த ஊரின் செல்லப்பிள்ளை. ஆனால் 38 வயதில் அவர் நம் மட்டை வரிசையின் தூணாக நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அது அவருக்குப் பெருமை, உங்களுக்கு இல்லை.

முதல் பேஸ், அதாவது ரன்னுக்கு ஓடும் வழியில் இருக்கும் முதல் நிறுத்தம், அதைக் காக்கும் ஆள் கதை இன்னும் வேடிக்கை. ஸ்பென்சர் ஹார்விட்ஸை ட்ரேடில், அதாவது வேறு அணியோடு வீரர்களை மாற்றிக்கொண்டு, கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம். சீசனுக்கு முன்பே அவருக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அது தெரிந்த பிறகாவது அந்த இடத்துக்கு ஒரு அனுபவஸ்தரைத் தேடியிருக்கலாம். கேட்சரான எண்டி ரோட்ரிகேஸைக் கொண்டுபோய் முதல் பேஸில் நிறுத்தினீர்கள். முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து வந்த பையன். ஹார்விட்ஸ் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார், சீசனில் நான்கில் ஒரு பங்கு கழிந்த பிறகு. இந்த வரிசையில் பார்க்கும்படியாக இருப்பது ஒனீல் க்ரூஸ்தான். ஹோம் ரன்னும் அடிக்கிறார், யாரும் பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடி பேஸும் திருடுகிறார். அவருக்கு முன்னால் பேஸில் ஆள் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

உங்கள் ஆட்கள் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மயாமியில் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றைக் கடைசிப் பந்தில் தோற்றோம். க்ளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துத் தரும் பிட்சர், டேவிட் பெட்னார் தடுமாறினார். 2022, 2023 இரண்டு வருடமும் ஆல் ஸ்டார், உள்ளூர்க்காரர், எல்லாருக்கும் வேண்டியவர். இருந்தும் மூன்றே ஆட்டம் பார்த்துவிட்டு ஏப்ரல் 1 அன்று அவரை இண்டியானபோலிஸுக்கு, கீழ்மட்டமான மைனர் லீகுக்கு, அனுப்பினீர்கள். முட்டாள்கள் தினம் என்பதால் முதலில் நான் நம்பவில்லை. கோபமும் வந்தது. ஆனால் போய்ச் சரிசெய்துகொண்டு அந்த மாதமே திரும்பி வந்தார், இப்போது ஒழுங்காக வீசுகிறார். கூச்சம் பார்க்காமல் சட்டென்று முடிவெடுக்க உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. பணம் கேட்காத முடிவு என்றால் வேகம் தானாக வந்துவிடுகிறது போலும்.

பணம் கேட்கும் முடிவுகளுக்கு வருகிறேன். கடுகு போன இடத்தைத் தேடுவார்கள், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். போன செப்டம்பரில் ரவுடி டெல்லெஸை அணியிலிருந்து நீக்கினீர்கள். 425 தடவை மட்டை பிடித்திருந்தால் அவருக்கு இரண்டு லட்சம் டாலர் போனஸ் கிடைத்திருக்கும், இன்னும் நான்கே நான்கு தடவைதான் பாக்கி. அதற்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை என்று ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டன் சொன்னார். சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த குளிர்காலத்தில் நல்ல மட்டையாளர் ஒருவரின் ஏஜெண்ட் பிட்ஸ்பர்க் என்ற பெயரைக் கேட்டதும் எதை நினைப்பார்?

இது கடுகு. பூசணிக்காய் ஸ்கீன்ஸ்தான். புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2023-இல், முதல் ஆளாக எடுத்தீர்கள். 2024 சீசன் தொடங்கியபோதே அவர் தயார் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் மே 11 வரை மைனர் லீகில் வைத்திருந்தீர்கள். தாமதமாகக் கூப்பிட்டால் அந்த வருடம் முழு வருடச் சேவையாகக் கணக்கில் வராது, அவர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போகும் நாள் ஒரு வருடம் தள்ளிப்போகும். காரணம் அதுதானா என்று உங்கள் மனசுக்குத்தான் தெரியும். ஆனால் வந்த வேகத்தில் அவர் 11 வெற்றி, 3 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன் 1.96 என்று முடித்து, நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆகிவிட்டார். அந்த வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருடச் சேவை தானாகக் கிடைத்துவிடும் என்பது விதி. தள்ளிப்போன வருடம் திரும்பி வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, ஆரம்பத்திலிருந்தே அவரை அணியில் வைத்திருந்தால் அதே விருதுக்காக உங்களுக்கு டிராஃப்டில் கூடுதலாக ஓர் இடம் கிடைத்திருக்கும். அதுவும் போச்சு.

இதில் பாடம் படித்துத் திருந்தியிருப்பீர்கள் என்று நினைத்தேன். பப்பா சாண்ட்லர் இன்றைக்கும் இண்டியானபோலிஸில் உட்கார்ந்திருக்கிறார். 22 வயது, மணிக்கு நூறு மைல் வேகம் தொடும் பந்து. அங்கே மட்டையாளர்கள் அவரைப் பார்த்தால் ஒதுங்குகிறார்கள். இங்கே முறைவைத்து ஆட்டம் தொடங்கும் ஐவரில் ஐந்தாவது பிட்சர் யார் என்று வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்குகிறோம்.

ஸ்கீன்ஸுக்கு இந்த வருடச் சம்பளம் 8,75,000 டாலர். உலகத்தின் முதல் இரண்டு மூன்று பிட்சர்களில் ஒருவருக்கு. விதி அப்படி, முதல் மூன்று வருடம் பேரம் பேச அவருக்கு உரிமை கிடையாது. அதற்காக உங்களைத் திட்ட மாட்டேன். அந்த விதியால் மிச்சமாகிற பணம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. அவர் மலிவாகக் கிடைக்கும் வருடங்களில்தானே சுற்றிலும் நல்ல மட்டையாளர்களை வாங்கிப் போட வேண்டும்? ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாகச் சந்தைக்கு வந்த வீரர் ஒருவருக்கு இந்த அணி கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் இன்றைக்கும் ஃபிரான்சிஸ்கோ லிரியானோவுக்குக் கொடுத்த 39 மில்லியன் டாலர்தான். அது 2014 டிசம்பர். பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவரும் பிட்சர்!

சின்ன ஊர், சின்னச் சந்தை என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். மில்வாக்கி நம்மைவிடப் பெரிய சந்தையா? 2023, 2024 இரண்டு வருடமும் நம் பிரிவில் முதலிடம் அவர்களுக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி செலவு செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கெரிட் கோல் விஷயம் நினைவிருக்கிறதா? அவரும் நீங்கள் முதல் ஆளாக டிராஃப்டில் எடுத்தவர், 2011-இல். 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டீர்கள். அதே மாதம் மெக்கட்சனையும். பிறகு யாங்கீஸ் கோலுக்கு 324 மில்லியன் கொடுத்தது. 2018-க்குப் பிறகு ஒரு சீசன்கூட நாம் பாதி ஆட்டத்தை ஜெயித்ததில்லை. ஸ்கீன்ஸ் 2029 முடிந்ததும் போகலாம். அதற்கு இரண்டு வருடம் முன்பே ‘விலை நன்றாக இருக்கும்போதே விற்றுவிடுவோம்’ என்று யாரோ ஒருவர் உங்கள் மேசையில் காகிதம் வைப்பார். அந்தக் காகிதத்துக்காக இந்த ஊர் இப்போதே பயந்துகொண்டிருக்கிறது.

நம் மைதானமான பிஎன்சி பார்க்கின் வலது பக்கச் சுவர் விவகாரத்தை அதிகம் இழுக்க விருப்பமில்லை. இந்த அணியின் பழைய நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 என்பதால்தான் அந்தச் சுவருக்கே 21 அடி உயரம். நிலநடுக்கத்தில் சிக்கிய நிகராகுவாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோகையில் விமானம் விழுந்து செத்தவர். அவருடைய எண்ணை எடுத்துவிட்டு மதுபான விளம்பரம் ஒட்டினீர்கள். அவர் மகன் வாய்திறந்த பிறகு மன்னிப்புக் கேட்டு மறுபடி வரைந்தீர்கள். ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்த செங்கற்கள் குப்பைக் குவியலில் கிடந்த படம் அதே மாதம் வந்தது. செய்தித்தாள் நடத்தும் குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு, காலையில் அந்தப் படம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிட்ஸ்பர்க் என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோவில். ஐம்பது வருடத்தைத் தொடப்போகிறது. நானும் அதற்காக இந்த ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன்தான், பேஸ்பால் பிறகு ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட்டில் நான் சென்னை சூப்பர் கிங்ஸ். இந்த வருடம் அங்கேயும் வயதான மட்டைகள், அங்கேயும் கடைசி இடம். ஆனால் அலமாரியில் ஐந்து கோப்பை இருக்கிறது, ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இங்கே கடைசிக் கோப்பை 1979. நடுவில் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது வருடம் தோல்வி சீசன். அந்த இருபதையும் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் என் பக்கத்து இருக்கையில் இருக்கிறார்கள். அணி சீசன் முடிவு நாக்அவுட் சுற்றுக்குப் போன 2013, 2014, 2015 மூன்று அக்டோபர்களைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் முகம் மாறும்.

கேட்பது அதிகமில்லை. சாண்ட்லரை இந்த வாரமே கூப்பிடுங்கள். ஜூலையில் ட்ரேட் கதவு மூடும்போது விற்பவர்கள் பட்டியலில் வழக்கம்போல் நிற்காமல், இரண்டு வருடமாவது இங்கே ஆடக்கூடிய ஒரு மட்டையாளரை வாங்குங்கள். ஸ்கீன்ஸ் முன்னால் ஒரு நீண்ட ஒப்பந்தத்தை வையுங்கள், அவர் வேண்டாம் என்றால் அது அவர் இஷ்டம், நீங்கள் கேட்டீர்கள் என்றாவது இருக்கும். இது எதற்கும் மனம் வரவில்லை என்றால் ஏப்ரல் 4 அன்று கூட்டம் சொன்ன யோசனையை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் மில்வாக்கி நம் ஊருக்கு வருகிறது. ஸ்கீன்ஸ் முறையும் அந்த ஆட்டங்களில்தான் வரும். நான் கிளெமென்டே பாலத்தில் நடந்து வந்துவிடுவேன், ஆட்ட நாளில் அதில் கார் விடமாட்டார்கள். அவருக்கு இரண்டு ரன் எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிஎன்சி பார்க் மேல்தட்டிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்