மகளுக்கு, பிங்க் ஃபிளாய்டின் ஓர் ஆல்பம் குறித்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

பழைய ஆல்பங்களை ஆண்டுதோறும் அவை வெளிவந்த தேதியிலேயே தொடக்கம் முதல் இறுதிவரை கேட்கும் என் வழக்கத்தைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்தாய். அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எழுதுகிறேன்.

1975 செப்டம்பர் 12 அன்று வெளிவந்த அந்த ஆல்பம், முந்தைய ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ பெற்ற மாபெரும் வெற்றிக்குப் பிறகு அடுத்து என்ன செய்வதென்று திணறிய குழுவினர் நால்வர், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய சிட் பாரெட், மனநலம் குலைந்து 1968-இல் விலக நேர்ந்தது அவர்கள் மனத்தை விட்டு அகலவே இல்லை. அவரைப் பற்றிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாடலை 1974-லேயே மேடைகளில் வாசித்துவந்தார்கள். 1975 ஜூன் 5 அன்று, தலையையும் புருவங்களையும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கூடத்திற்குள் வந்து நின்றபோது, அவர்தான் பாரெட் என்பது பழைய நண்பர்களுக்கே உடனே தெரியவில்லை. தெரிந்ததும் நால்வரில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் கண்கலங்கிவிட்டார்.

அந்தப் பாடலில் முதல் சொல் பாடப்படுவதற்கு எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசர் மெல்லப் பரவி, டேவிட் கில்மோரின் கிட்டாரில் அந்த நான்கு சுரங்கள் தனியே ஒலித்து அடங்கி, மீண்டும் ஒலித்த பிறகுதான் மற்றவர்கள் சேர்கிறார்கள். ஒன்பது பகுதிகள் கொண்ட அதை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் முன்னும் பின்னும் வைத்து, இடையில் மூன்று பாடல்களை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பிடித்த பாடலை மட்டும் பொறுக்கிக் கேட்பவருக்கு இந்த ஆல்பம் கிடைப்பதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கவனி: யாரோ வானொலியில் நிலையம் மாற்றுகிறார்கள், சன்னமாக ஒரு கிட்டார் கேட்கிறது, பிறகு அந்த வானொலிக்கு எதிரே உட்கார்ந்து கூடவே வாசிப்பவரைப் போல இன்னொரு கிட்டார் நம் காதருகே தெளிவாக எழுகிறது.

ஆல்பம் தேய்ந்து முடியும் தறுவாயில், பாரெட் 1967-இல் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’யின் மெட்டைச் சில சுரங்களில் ரைட் தொட்டுவிட்டுப் போகிறார். பல ஆண்டுகள் கேட்ட பிறகே அது என் காதில் விழுந்தது. ஆண்டுதோறும் திரும்பிச் செல்வதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

2011-இல் வந்த விரிவான பதிப்பில், தலைப்புப் பாடலுக்கு பிரெஞ்சு ஜாஸ் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின் வாசித்த வடிவம் இருக்கிறது. நம் எல். சுப்ரமணியத்துடன் பின்னாளில் சேர்ந்து ஓர் ஆல்பம் தந்த அதே கிராப்பெல்லிதான். வாசிப்பு உருக்கமானது, ஆயினும் அந்தப் பாடலுக்குரிய தனிமையை வயலின் நிரப்பிவிடுகிறது. மூலப் பதிப்பில் அதை ஒலிக்கவிடாதது சரியே. நீ முதலில் மூலத்தைக் கேள்.

அடுத்து வருவது அதே குழுவின் ‘அனிமல்ஸ்’ ஆல்பம். 2027 ஜனவரியில் அதற்கு 50 ஆண்டுகள் நிறைகின்றன. அட்டைப் படத்திற்காகக் காற்றடைத்த பன்றியைப் பறக்கவிட்ட பேட்டர்சீ மின்நிலையம் நீ இருக்கும் லண்டனிலேயே, இப்போது கடைகளும் வீடுகளுமாக மாறி நிற்கிறது. அதற்குள் ஒரு மாலை அங்கே போய் நான்கு புகைபோக்கிகளையும் பார்த்துவிட்டு வா. அந்த ஆல்பத்தில் பதினேழு நிமிடம் நீளும் ‘டாக்ஸ்’ பாடலை இடையில் நிறுத்தாமல் கேட்டு, கில்மோரின் கிட்டார் உன்னை எந்த இடத்தில் பிடித்து நிறுத்தியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா