போகோட்டா சுற்றுலா: கிழமை பார்க்காமல் போட்ட பயண நிரல் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு

பொருள்: போகோட்டா பயண நிரலில் இருந்த குறைபாடுகள், பணம் திரும்பத் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

அக்டோபர் நீள் வார இறுதியில் உங்கள் நிறுவனம் நடத்திய தென் அமெரிக்கச் சுற்றுலாவில், கொலம்பியத் தலைநகர் போகோட்டா பகுதியைப் பற்றியது இந்தப் புகார். தங்கும் விடுதியிலும் சாப்பாட்டிலும் குறை இல்லை. அங்கிருந்த ஓட்டுநரும் வழிகாட்டியும் கையில் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு முடிந்ததைச் செய்தார்கள். குறை முழுக்க அந்தத் தாளில்தான். ஞாயிறு முதல் புதன் வரை, எந்த இடத்தை எந்தக் கிழமையில் வைக்கவே கூடாதோ அந்தக் கிழமையில் வைத்திருக்கிறீர்கள்.

"உள்ளூர் விடுமுறையால் ஏற்பட்ட எதிர்பாராத மாற்றம்" என்று உங்கள் அலுவலகம் மின்னஞ்சலில் விளக்கம் தந்தது. அதை ஏற்க முடியாது. கொலம்பியாவில் பல பொது விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தும் சட்டம் 1983-ல் வந்தது. அக்டோபர் 12-க்கான விடுமுறையும் அதில் அடங்கும். அடுத்த ஆண்டு எந்தத் திங்கள் விடுமுறை என்பதை இன்றே நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அருங்காட்சியகங்களின் வார விடுமுறையும் ரகசியம் அல்ல. இதில் எதிர்பாராதது எது?

ஞாயிறு காலை 9 மணிக்குப் பேருந்தில் நகர் வலம் என்று போட்டிருந்தீர்கள். போகோட்டாவில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை சிக்லோவியா நடக்கும். 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளை மிதிவண்டிக்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுவார்கள். 1974-ல் தொடங்கிய வழக்கம் இது. நிரலில் நீங்கள் காட்டியிருந்த ஏழாவது சாலையும் அதில் உண்டு. அதே சாலையில் நகரின் மையச் சதுக்கமான பிளாசா தெ பொலிவாரை ஒட்டிய பகுதி எந்தக் கிழமையிலும் பேருந்து நுழைய முடியாத நடைசாலை. ஆகவே பேருந்து பக்கத்துத் தெருக்களில் ஊர்ந்து ஊர்ந்து சுற்றியது. நடந்தே பார்க்க வேண்டிய லா கண்டலாரியா பழைய நகரம் ஜன்னல் கண்ணாடி வழியே பாதிதான் தெரிந்தது. அந்த ஊரில் காலாற நடக்க ஞாயிறுபோல் நல்ல நாள் வேறு கிடையாது. அன்றைக்கா பேருந்து?

அன்றே மொன்செராத்தே மலை. போகோட்டா நகரமே கடல் மட்டத்திலிருந்து 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை உச்சி 3,152 மீட்டர். முந்தைய இரவு கடலோர ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களை மறுநாளே இன்னும் 500 மீட்டர் மேலே ஏற்றினால் தலைவலி, மூச்சிரைப்பு, குமட்டல் எல்லாம் வரத்தான் செய்யும். குழுவில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். முதல் நாள் சமதளத்தில் மெதுவாக நடப்பது, வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது, மதுவைத் தவிர்ப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது என்ற எளிய அறிவுரைகூட உங்கள் கையேட்டில் இல்லை. போதாததற்கு, உச்சியிலுள்ள விழுந்த கிறிஸ்து சொரூபத்தைத் தரிசிக்க உள்ளூர்ப் பக்தர்கள் திரளும் நாளும் ஞாயிறுதான். அன்று டிக்கெட் விலையும் குறைவு. 1929-ல் வந்த இழுவை ரயிலானாலும் 1955-ல் வந்த ரோப் காரானாலும் வரிசை நீளும். அக்டோபர் அங்கே மழை மாதம். காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். பேருந்து தாமதமும் வரிசையும் சேர்ந்து உச்சிக்குப் போன நேரத்தில் கீழே நகரமே தெரியவில்லை, வெறும் மேகம்.

திங்கட்கிழமை தங்க அருங்காட்சியகம். திங்கட்கிழமை அதற்கு வார விடுமுறை. அந்தத் திங்கள் பொது விடுமுறையாக இருந்தாலும் திறக்க மாட்டார்கள். பூட்டிய கதவின் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

இந்த இழப்பைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். போகோட்டாவுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கும் இடமே இதுதான், உங்கள் விளம்பரத் தாளின் அட்டைப்படமும் இதுதான். கிம்பாயா மக்களின் தங்கச் சுண்ணாம்புக் குடுவை ஒன்றை 1939-ல் வாங்கிக் கொலம்பிய மத்திய வங்கி தொடங்கிய சேகரிப்பு இது. அட்டையில் நீங்கள் போட்டிருப்பது முயிஸ்கா என்ற பழங்குடி மக்கள் செய்த சிறு தங்கத் தெப்பம். 1969-ல் பாஸ்கா என்ற ஊருக்கு அருகே குகை ஒன்றில் விவசாயிகள் கண்டெடுத்தது. நீளம் 19.5 சென்டிமீட்டர்தான், ஒரு சாண் அளவு. அதற்குள் நடுவில் பெரிய உருவமாகத் தலைவர், சுற்றிலும் சின்னச் சின்ன உருவங்களாகப் பரிவாரம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு வழிந்தோடிய இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தது. குவாதாவித்தா ஏரியில் தெப்பத்தில் சென்று பொன்னைக் காணிக்கையாக இடும் சடங்கைக் காட்டுகிறது என்று சொல்லப்படுவது, எல் டொராடோ என்ற பொன் தேசக் கதையோடு பிணைந்தது. இதைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பதிலுக்கு ஒரு மரகதக் கடையில் வெகுநேரம் உட்கார வைத்தீர்கள். கடை நிரலிலேயே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை குவாதாவித்தா ஏரி, மாலை பொட்டேரோ அருங்காட்சியகம். பொட்டேரோ அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை செவ்வாய். திங்களன்று திறந்துதான் இருந்தது, தங்க அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போகலாம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலே இரண்டும் கிடைத்திருக்கும். கொலம்பிய ஓவியர் ஃபெர்னாண்டோ பொட்டேரோ 2000-ம் ஆண்டு கொடையாக அளித்த தொகுப்பு அது, அவருடைய 123 படைப்புகளோடு பிகாசோ, மோனே போன்றவர்களின் 85 படைப்புகளும் சேர்ந்தது. அனைவருக்கும் அனுமதி இலவசம். உங்கள் கட்டண விவரத்திலோ "பொட்டேரோ நுழைவுக் கட்டணம் உட்பட" என்றிருக்கிறது. எந்தக் கட்டணம்?

ஏரி விஷயம் இதைவிட மோசம். சாதாரண வாரத்தில் அங்கே திங்கள் விடுமுறை. திங்கள் பொது விடுமுறையாக வந்தால் அன்று திறந்து, செவ்வாயன்று மூடுவார்கள். ஆகவே செவ்வாயன்று குவாதாவித்தா ஊருக்கு அழைத்துப் போய், கீழே தெரிந்த நீர்ப்பரப்பைக் காட்டி "இதுதான் அந்த ஏரி" என்றார்கள். அது ஏரி அல்ல, தோமினே நீர்த்தேக்கம். பழைய ஊர் அதில் மூழ்கியதால்தான் 1960-களில் வெள்ளைச் சுவர் வீடுகளோடு இந்தப் புது ஊரைக் கட்டினார்கள். உண்மையான ஏரி செஸ்கிலே நகராட்சி எல்லையில், மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் வட்டமாக இருக்கிறது. அங்கே வழிகாட்டியுடன் நடந்துதான் ஏற வேண்டும். தங்கத்துக்காக நீரை வடிக்க 1580-களில் அந்தோனியோ தெ செபுல்வேதா வெட்டிய பிளவு கரையில் இன்றும் தெரியும். பாய்மரப் படகு மிதக்கும் நீர்த்தேக்கத்தை இதற்குப் பதிலாகக் காட்டியதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அது தவறான தகவல்.

புதன்கிழமை சிபாக்கிரா உப்புப் பேராலயம் நன்றாக நடந்தது. பூமிக்கடியில் 180 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறையில் குடைந்த சிலுவைப் பாதையை நிதானமாகப் பார்க்க நேரம் தந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் சுற்றுலா ரயிலில் போவதாகத் தனிக் கட்டணம் வாங்கியிருந்தீர்கள். அந்த ரயில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மட்டுமே ஓடும். போனது பேருந்தில்.

அதே நான்கு நாட்களில் எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம். ஞாயிறு பழைய நகரில் நடை, அப்படியே பொட்டேரோ அருங்காட்சியகம். விடுமுறைத் திங்களில் ரயிலேறிச் சிபாக்கிரா. நீள் வார இறுதி முடிந்து ஊர் திரும்பும் வாகனங்களால் அன்று மாலை வடக்குச் சாலை அடைத்துக்கொள்ளும், ரயிலுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. செவ்வாய் விடிந்ததும் கூட்டமில்லாமல் மொன்செராத்தே, இறங்கி வந்து தங்க அருங்காட்சியகம். புதன் ஏரி. உடம்பும் அதற்குள் உயரத்துக்குப் பழகியிருக்கும், தெப்பத்தைப் பார்த்த மறுநாளே ஏரியைப் பார்த்ததாகவும் இருக்கும்.

எனவே, தங்க அருங்காட்சியகம், குவாதாவித்தா ஏரி, பொட்டேரோ ஆகியவற்றுக்கான பகுதிக் கட்டணத்தையும், ரயில் கட்டணத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒவ்வொருவருக்கும் திருப்பித் தர வேண்டுகிறோம். மரகதக் கடைக்கு அழைத்துச் சென்றதற்குக் கமிஷன் பெறப்பட்டதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதே நிரல் உங்கள் அடுத்த குழுவுக்கும் விற்பனையில் இருக்கிறது. அதை உடனே திருத்துங்கள், ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கும் திருத்திய நிரலை அனுப்புங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கட்டண ரசீது, அச்சிட்ட நிரல், உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்

இணைப்பு: அச்சிட்ட பயண நிரல், கட்டண ரசீதுகளின் நகல், பூட்டிய அருங்காட்சியக வாசல்களின் புகைப்படங்கள்