டிஸ்கைக் கழற்றி வை

கோவில்பட்டி
20.8.2023

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் சர்க்கரை அளவை அவரே சொல்லியிருப்பார், ஞாயிறுதோறும் அவரிடம்தான் பேசுகிறாயே. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், "எல்லாரும் சௌக்கியமாம்" என்று போனை வைத்துவிடுகிறார். இருக்கட்டும்.

கவின் விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன வாரம் மாலதி பேச்சுவாக்கில் சொன்னாள். ஏதோ விளையாட்டில் துப்பாக்கியும் சட்டையும் இலவசமாகக் கிடைக்கும் என்று பையன் எதையோ டவுன்லோடு செய்தானாம். ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்று அதில் போட்டிருந்ததாம். எப்படி அணைப்பது என்று தெரியாமல் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

அவனுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடு. எதை நிறுவ வேண்டுமானாலும் உன் கடவுச்சொல்லைக் கேட்கும் கணக்கு, எனக்குப் போட்டுக் கொடுத்தாயே, அதே மாதிரி. காவலை அணைக்கச் சொல்லும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவை. ஒன்பது வயதில் சொன்னால் புரியும், அவன் உன்னைப் போல. பிறகு, படங்களையெல்லாம் ஒரு டிஸ்கில் எடுத்து அதைக் கழற்றி வை. செருகியபடியே விடாதே.

உனக்கே பாடம் நடத்துகிறேன் என்று சிரிக்காதே. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸில் 198 வாங்கியவன் நீ. அந்த மதிப்பெண் பட்டியலை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று அப்பாவைக் கேள். ஆனால் செருப்புத் தைப்பவன் பிள்ளைக்குச் செருப்பில்லை என்பார்கள். ஊரார் கம்ப்யூட்டரை எல்லாம் பார்க்கும் நீ வீட்டில் இருப்பதைக் கவனிக்கிறாயா? டிஸ்க் செருகியேதான் இருக்கிறது என்று மாலதி சொன்னாள்.

2021 தீபாவளிக்கு வந்தபோது இரண்டு நாள் உட்கார்ந்து இங்கே நீ செய்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நம் வீட்டில் கேட்டிலிருந்து பீரோ வரைக்கும் எத்தனை பூட்டு என்று என்னையே எண்ணச் சொன்னாய். ஐந்து. ஒன்றை எவனாவது உடைத்தாலும் மற்றவை இருக்கும், இதுவும் அப்படித்தான் என்றாய். 2017 மே மாதம் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களெல்லாம் முடங்கின கதையையும் சொன்னாய். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாமல் தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்றாய். நானும் தலையை ஆட்டினேன்.

நீ ரயில் ஏறிய மறு மாதமே அப்டேட்டை நிறுத்திவைத்தேன். பத்தாம் வகுப்பு வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போது அது தானாக அணைந்து எழுந்தது, எரிச்சல் வந்துவிட்டது. அட்மின் கடவுச்சொல்லை அவசரத்துக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாயே, அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை செருகிப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றச் சொன்ன டிஸ்கை ஒரு நாளும் கழற்றவில்லை. தூசி படியக் கூடாதென்று குரோஷா நூலில் உறை பின்னிப் போட்டேன். நீகூட அதைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டாய்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், கவினுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடு. டிஸ்கைக் கழற்றி வை.

சரவணா, பொங்கல் விஷயத்தை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது போலிருக்கிறது.

ஜனவரி 11, புதன்கிழமை இரவு. பிடிஎப் திருத்துகிற மென்பொருள் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. விலையைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. இலவசம் என்று ஓரிடத்தில் கிடைத்தது. களவு கூடாது என்று வகுப்பில் கரடியாகக் கத்திய நான் அதை எடுத்தேன். பூட்டிய ஜிப் கோப்பு, திறக்கும் கடவுச்சொல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பூட்டியிருந்தால் ஆன்ட்டி வைரஸ் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது, அதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. காவலை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். அட்மின் கடவுச்சொல் கேட்டது, கண்ணெதிரே ஒட்டியிருந்தது, அடித்தேன்.

விண்டோஸ் அப்டேட் நடக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. அப்டேட் நடக்கும்போது அணைக்கக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாயே, இந்த ஒரு பேச்சையாவது கேட்போம் என்று விட்டுவிட்டுப் படுத்தேன். அறை இருட்டில் உறைக்குள்ளிருந்து டிஸ்கின் நீல விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது. பாவம், ராத்திரியிலும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் எல்லாக் கோப்புகளின் பெயர்களுக்கும் பின்னால் நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. ஆச்சி சதாபிஷேகப் படங்கள், என் 19 வருட வினாத்தாள்கள், எதுவும் திறக்கவில்லை, டிஸ்கில் இருந்த பிரதியும்தான். எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவிக்கு 72 மணி நேரத்துக்குள் எழுதினால் 490 டாலர், தவறினால் 980 என்று திரையில் ஒரு சீட்டு. அப்பாவிடம், கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று மட்டும் சொன்னேன்.

போகியன்று நீ வந்தாய். கவின் ஆண்டுவிழாப் படங்களை எனக்குக் காட்டவென்று பென்டிரைவைச் செருகினாய். சம்பந்தி அம்மா பொங்கல் சீரோடு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தானே கத்தினேன், "கண்ட இடத்தில் செருகிய பென்டிரைவைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தொலைத்துவிட்டாயே" என்று. தெரியாமல் சொல்லவில்லை. மூன்று நாளாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன். சித்தி வீட்டு வளையல் விஷயத்திலும் நான் இப்படித்தான் செய்தேன், உனக்கு நினைவிருக்கும்.

எட்டயபுரம் ரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பையன் என்னிடம் படித்தவன். அவன் பார்த்துவிட்டுச் சொன்னான், பூட்டிய பிறகும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்குமாம், சில நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுமாம். உன் பென்டிரைவில் இருந்த படங்களையும் பூட்டியது என் கம்ப்யூட்டர்தான். சீட்டில் இருந்த நீளமான எண் 'டி1' என்று முடிந்திருந்தால் என்றைக்காவது சாவி கிடைக்க வழியுண்டு, நெட் இல்லாமலோ வேறு காரணத்தாலோ திருடர்களின் சர்வரோடு அது பேச முடியாத நேரத்தில் தாக்கியிருந்தால்தான் அப்படி முடியும் என்றான். நம்முடையது அப்படி முடியவில்லை. சேமித்து வைத்த கடவுச்சொற்களும் போயிருக்கலாம் என்று பயமுறுத்தினான். வங்கிக் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டேன்.

அவனுக்கே டவுன்லோடு கோப்பின் தேதி கண்ணில் பட்டது. 11ஆம் தேதி, இரவு 9.40. உனக்குப் படாமலா இருந்திருக்கும்? அந்தப் பட்டியலைத் திறந்தாய், மவுஸின் மேல் உன் கை அப்படியே நின்றது. நான் உன் பின்னாலேயே நின்றிருந்தேன். பிறகு அதை மூடிவிட்டு, "என் பென்டிரைவாகத்தான் இருக்கும் அம்மா" என்றாய். சம்பந்தி அம்மாவும் கேட்டார்கள்.

ஏழு மாதமாக அந்த ஒரு வாக்கியம் காதில் இருக்கிறது. சம்பந்தி அம்மாவிடம் நான் போன் செய்து சொல்லிவிடுகிறேன், அதை என்னிடம் விட்டுவிடு.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று. அப்டேட் தானாக நடக்கிறது. மானிட்டரில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டேன். பூட்டிய படங்கள் உள்ள பழைய டிஸ்கை நான் தூக்கிப்போடவில்லை.

உன் பென்டிரைவும் என்னிடம்தான் இருக்கிறது. கவின் மாறுவேடத்தில் பாரதியாராக நின்ற அந்த ஆண்டுவிழாப் படங்கள் மாலதியின் போனில் எங்காவது இருக்கின்றனவா? பார்த்து எழுது. எழுத முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமாவது சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு: புது டிஸ்க் வாங்கியிருக்கிறேன். உறை பின்னவில்லை. பீரோவில் இருக்கிறது.