ஹாக்கி விளையாடுற பிள்ளையளைப் பற்றி பெற்றோருக்கு

அன்பான அம்மாமார் அப்பாமாருக்கும், சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாற அம்மம்மா அப்பப்பாமாருக்கும்,

வணக்கம். இது ஃபீஸ் கடிதம் இல்லை, பயப்பிடாமல் வாசியுங்கோ.

ரெண்டு கிழமைக்கு முதல் ஐந்தாம் வகுப்புக்கு "எனக்குப் பிடித்த விளையாட்டு" எண்டு கட்டுரை குடுத்தனாங்கள். ஒரு தம்பி ஐஸ் ஹாக்கியைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தான், ற ர எல்லாம் பிழை, ஆனா நல்ல ஆசையா எழுதியிருக்கிறான், ஸ்கேட் லேஸை இழுத்துக் கட்டேக்க அப்பான்ர விரல் சிவக்கிறது, விடிய ஆறு மணி ஐஸ் ரைமுக்குப் போகேக்க ரோட்டில ஒருத்தரும் இல்லாதது எண்டெல்லாம். கடைசி வரியை ரப்பரால அழிச்சிருந்தது. அழுத்தி எழுதினபடியா வெளிச்சத்தில பிடிச்சு வாசிச்சன். "அப்பா இனி காரில் பிட்டு கொண்டுவர வேண்டாம்."

இன்ரவெலுக்குக் கூப்பிட்டுக் கேட்டன். கனநேரம் பேசாமல் நிண்டிட்டுச் சொன்னான், மற்ற ரீம் பெடியன் ஒருத்தன் இவனுக்குக் கிட்ட வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு 'கறி மணக்குது' எண்டவனாம், அதுக்கு இவன்ர ரீம் பெடியளும் சிரிச்சவையாம். மற்றவன் சொன்னது பெரிசில்லை, தன்ர ஆக்கள் சிரிச்சதுதான் அவனுக்கு ஆறேல்லை. வீட்டை சொன்னனியோ எண்டு கேட்டன். "சொன்னா அம்மா ஹாக்கியை நிப்பாட்டிப் போடுவா மிஸ்."

(அவன்ர தாய் தகப்பனோட கதைச்சிட்டன், எழுதுங்கோ எண்டு அவைதான் சொன்னவை.)

இது எங்கட பிள்ளைக்கு மட்டும் நடந்த விசயம் இல்லை. இஞ்ச ரொறன்ரோ ஸ்காபரோவில பிறந்த வேய்ன் சிமண்ட்ஸ், என்எச்எல் எண்ட பெரிய ஹாக்கி லீக்கில விளையாடின கறுப்பு ஆள், 2011ல லண்டன் ஒன்ராறியோவில ஒரு மட்ச்சில அவர் கோல் அடிக்கப் போகேக்க ஆரோ வாழைப்பழத்தை ஐஸுக்குள்ள எறிஞ்சவன், குரங்கு எண்டு கருத்து. 401 ஹைவேயில ரெண்டு மணித்தியாலத்தில போற ஊர் அது. எறிஞ்சவனுக்கு 200 டொலர் ஃபைன், அவ்வளவுதான். இன்னொரு ஸ்காபரோ பெடியன் டெவான்ட் ஸ்மித்-பெல்லி, 2018 பெப்ரவரி சிக்காகோவில பிழை விட்டவை இருக்கிற பெனல்ரி பொக்ஸில இருக்கேக்க பக்கத்தில நிண்ட நாலு பேர் "பாஸ்கெட்போல், பாஸ்கெட்போல்" எண்டு கத்தினவை, கறுப்புப் பெடியனுக்கு இஞ்ச என்ன வேலை எண்டு கருத்து. அந்த நாலு பேரையும் வெளியில போட்டது. அதே வருசம் அவற்ர ரீம் வாசிங்டன் என்எச்எல்லின்ர ஸ்டான்லி கப் எடுத்தது, அந்தக் கப்புக்கான பிளேஓஃப் மட்ச்சுகளில அவர் 7 கோல்.

சுபான் எண்ட ஹாக்கிக்காரன்ர பேரைக் கேட்டிட்டு எங்கட சுப்பனாக்கும் எண்டு என்ர மாமி ஒரு காலத்தில சொல்லித் திரிஞ்சவ. அவர் எங்கட ஆள் இல்லை. பி.கே. சுபானின்ர தகப்பன் கார்ல் சுபான் ஜமெய்க்காவில இருந்து சின்னனில வந்தவர், ரொறன்ரோவில பள்ளிக்கூட அதிபரா இருந்தவர், இரவு வேலை முடிஞ்சு வந்து மகனை சிற்றி ஹோலுக்கு முன்னால இருக்கிற ஐஸுக்குக் கூட்டிக்கொண்டு போறவர். மூண்டு மகன்மாரையும் என்எச்எல் ரீம்கள் எடுத்தது. ஒரு அதிபர் எண்டதால எனக்கு அந்த மனிசனில கொஞ்சம் பொறாமை.

இப்ப எங்கட பக்கம் வாறன். ஹாக்கிக்குப் போற பிள்ளையைப் பாத்து "என்ன வெள்ளைக்காரனோ" எண்டு எங்கட வகுப்புப் பிள்ளையளே நக்கல் அடிக்கிறதுகள், அது வீட்டில பெரியாக்கள் கதைக்கிறதைக் கேட்டு வாறது. எங்கட விளையாட்டு இல்லையாம். நாளுக்கு மூண்டு தரம் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக்குப் போறம், அதுவே ஒரு ஹாக்கிக்காரன்ர பேர். பொம்பிளைப் பிள்ளையெண்டா இன்னும் மோசம், "பல்லு உடைஞ்சா ஆர் கட்டுறது" எண்டு ஒரு அம்மம்மா என்ர முன்னாலயே கேட்டவ. அம்மம்மா, பிள்ளையள் முகத்துக்குக் கம்பிக் கூண்டு போட்டுத்தான் விளையாடுறது, 2024 ஜனவரி முதலாந் திகதி இப்ப இருக்கிற பொம்பிளையளின்ர ப்ரோ லீக்கின்ர முதல் மட்ச்சே ரொறன்ரோவிலதான் நடந்தது.

என்னையும் சேத்துத்தான் சொல்லுறன். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு தாயிட்ட "ஹாக்கியோ தமிழோ, ஒண்டை முடிவெடுங்கோ" எண்டு வாசலில வைச்சுச் சொன்னனான். அவை முடிவெடுத்தவை. அந்தப் பிள்ளை பேந்து வரேல்லை, நல்லா வாசிக்கிற பிள்ளை.

சில பேருக்கு டிரெஸ்ஸிங் ரூமைப் பற்றித்தான் பயம், அந்தப் பயத்தைப் பிழை எண்டு சொல்ல மாட்டன். ஷெல்டன் கென்னடி எண்ட பிளேயரை பெடியனா இருக்கேக்க அவற்ர கோச்சே கெடுத்தவன், 1997ல அந்தாள் மறியலுக்குப் போனவன். 2022ல இன்னொண்டு வெளிச்சத்துக்கு வந்தது, பெற்றோர் கட்டுற பதிவுக் காசும் சேருற ஒரு நிதியில இருந்து, நாட்டில ஹாக்கியை நடத்துற ஹாக்கி கனடா பாலியல் முறைப்பாடுகளுக்குக் காசு குடுத்துத் தீர்த்திருக்கு, ஒட்டாவாவில எம்பிமார் கூப்பிட்டுக் கேட்டவை, அந்த ஒக்ரோபரில தலைவரும் போர்ட்டும் முழுக்கப் போனது. 2023ல இருந்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு ரூல் இருக்கு, பிள்ளையள் உள்உடுப்புக்கு மேல ரீஷேர்ட்டும் ஷோர்ட்ஸும் எண்டாலும் போட்டுக்கொண்டுதான் உள்ளுக்கை நிக்க வேணும், பொறுப்பான பெரியாக்கள் ரெண்டு பேர் இருக்க வேணும், ஃபோனில படம் எடுக்கேலாது. உங்கட ரீமில இது நடக்குதோ எண்டு மனேஜரிட்டக் கேளுங்கோ, இங்கிலிஸ் வராது எண்டு கூச்சப்பட்டா என்னட்டச் சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்.

பிள்ளை கார் ஏறிப் பேசாமல் இருந்தா உடன "விடு தம்பி, கணக்கெடுக்காத" எண்டு சொல்லாதேங்கோ, "இனி போகாத" எண்டும் சொல்லாதேங்கோ, என்ன சொன்னவன், ஆர் சிரிச்சவை எண்டு கேளுங்கோ, கேட்டிட்டு அண்டைக்கே கோச்சிட்டச் சொல்லி லீக்குக்கு எழுத்தில குடுங்கோ. இனம், நிறம், சமயத்தை வைச்சுப் பேசுறதுக்கு ஹாக்கி கனடா ரூல் புக்கில 2021ல இருந்து தனிப் பகுதி இருக்கு, பிடிபட்டா மட்ச்சை விட்டே வெளியில.

நேரம்: விடிய ஐஸ் ரைம் உள்ள பிள்ளையள் இனி பத்தரைக்கு வரலாம், லேற் எண்டு போட மாட்டம், விட்ட பாடத்தை மத்தியானம் ரீச்சர் சொல்லிக் குடுப்பா. ஹாக்கி பாக்கை மட்டும் தயவுசெய்து கொரிடோரில வைக்காதேங்கோ, பின்கதவுப் படிக்குக் கீழ இடம் ஒதுக்கியிருக்கு. போன கிழமை அதின்ர மணத்தில பாலர் வகுப்பு ரீச்சர் தலையிடி எண்டு வீட்டை போட்டா.

அன்புடன்,
தலைமை ஆசிரியை